கர்ப்ப ஆட்சி: நாம் தொலைத்த சொல்

இரண்டாவது பிரசவம் முடிந்த மறுநாள் நர்ஸ் வந்து, "கு.க. பண்ணிடலாமாம்மா?" என்று கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்ற என் மாமியாரிடம். அந்த வருத்தத்தில்தான் இந்தச் சொல்லின் பின்னால் போனேன்.

கு.க. என்றால் குடும்பக் கட்டுப்பாடு. ஆங்கிலத்தில் அது ‘பேமிலி பிளானிங்’, அதாவது திட்டமிடல். இலங்கையில் குடும்பத் திட்டமிடல் என்றே எழுதுகிறார்கள். இங்கே அது கட்டுப்பாடாகிவிட்டது. 1952-இல் இந்திய அரசு இதை நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது. அப்புறம் அந்தத் திட்டத்தின் சின்னமான சிவப்பு முக்கோணம் சுவரெல்லாம் ஏறியது. நெருக்கடி நிலையில் ஆண்களை வற்புறுத்தி அறுவை சிகிச்சை செய்ததில் பெயர் கெட்டு, 1977-இல் ‘குடும்ப நலம்’ என்று மாற்றினார்கள். பேச்சு மாறவில்லை. ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு’ என்றால் இன்றும் பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்றுதான் பொருள். சொல்லில் குடும்பம், கத்தி மட்டும் பெண்ணுக்கு.

இதற்கு முன்பே தமிழில் நல்ல சொல் ஒன்று இருந்தது. 1914-இல் அமெரிக்காவில் மார்கரெட் சாங்கர் ‘பர்த் கண்ட்ரோல்’ என்ற சொல்லைப் பரப்பத் தொடங்கினார். 1930-களில் சுயமரியாதை இயக்கத்தார் அதைக் ‘கர்ப்பத்தடை’ என்றும் ‘கர்ப்ப ஆட்சி’ என்றும் எழுதினார்கள். ‘கண்ட்ரோல்’ என்பதை ஆட்சி என்று பெயர்த்தவரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கட்டுப்பாடு பிறர் நமக்குப் போடுவது, ஆட்சி நாம் செய்வது. மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று காரணம் சொன்னபோது, பெண்கள் விடுதலை அடைவதற்காகவே இது வேண்டும் என்று 1930-லேயே எழுதியவர் பெரியார்.

கர்ப்பம் வடசொல், கரு தமிழ். கரு + தடை = கருத்தடை. ‘கான்ட்ராசெப்ஷன்’ என்பதற்கு இதுவே சரியான சொல். மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை, ஆபரேஷன் எல்லாம் இதில் அடங்கும். முறைகளைச் சொல்லக் கருத்தடை போதும். முடிவெடுக்கும் உரிமையைச் சொல்ல எனக்குக் கர்ப்ப ஆட்சிதான் வேண்டும்.

ஏனென்றால் காலம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு. முக்கோணம் இருந்த சுவர்களில் இப்போது கருத்தரிப்பு மைய விளம்பரங்கள். என் தங்கை மூன்று வருடமாக அப்படி ஒரு மையத்துக்குப் போய்வருகிறாள். உறவுக்காரர்கள் அவளை என்ன சொல் சொல்கிறார்கள் என்பதை எழுதக் கை வரவில்லை. அவளது மருத்துவக் கோப்பில் இருப்பது ‘மகப்பேறின்மை’, அதையே எல்லோரும் சொல்லலாம். குழந்தை வேண்டும் என்று அவள் எடுத்த முடிவையும் கர்ப்ப ஆட்சி தாங்கும். கருத்தடை தாங்காது.