படகின் முன் பலகையில் உட்காராதீர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் திருகோணமலையில் எங்கள் எலும்பு முறிவு வார்ட்டுக்கு ஒரு புதுவகை நோயாளி வரத் தொடங்குவார். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலிருந்து காலை ஒன்பது, பத்து மணிவாக்கில், இடுப்பில் கையை ஊன்றியபடி, உடுப்பில் உப்புத் தண்ணீர் காயாமல் வருவார். "விழுந்தீங்களா?" என்று கேட்டால், "இல்லை டொக்டர், விழவே இல்லை. போட்டில சும்மா இருந்தனான்" என்பார். திமிங்கிலம் பார்க்கப் போய்வந்தவர்.

எண்ணிக்கை பெரிதில்லை. வீதி விபத்தில் வருபவர்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இவர்களில் அநேகமாக எல்லோரும் படகில் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறார்கள். முன் பலகையில்.

சென்ற வருடம் வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், அவரும் எழுதச் சம்மதம் தந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபதை நெருங்கும் வயது. கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்துக் குடும்பமாக வந்தவர்கள், பிள்ளைகளின் ஆசைக்காக விடியற்காலையில் ஒரு ஃபைபர் படகு பிடித்துக் கடலுக்குப் போயிருக்கிறார்கள். மீன்பிடிக்கும் அதே படகுதான். இருபது அடி நீளம், பின்னால் ஒரு வெளியிணைப்பு இயந்திரம், குறுக்கே நாலு பலகை. "அம்மா, நீங்க முன்னால இருங்கோ, வடிவாத் தெரியும்" என்று மகன் கைபிடித்து முன் பலகையில் இருத்தியிருக்கிறார். மரியாதைக்குக் கொடுத்த இடம் அது.

ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில் வெள்ளையாகத் திமிங்கிலத்தின் மூச்சு எழும்பியிருக்கிறது. வேறு இரண்டு படகுகள் அதை நோக்கித் திரும்ப, இவர்களின் ஓட்டியும் இயந்திரத்தை முழுதாக முறுக்கியிருக்கிறார். மூன்றாவதோ நாலாவதோ அலையில் அம்மா பலகையை விட்டு எழும்பி, திரும்பவும் பலகையிலேயே விழுந்தார். "டக்கெண்டு ஒரு சத்தம், வெளியில இல்லை தம்பி, எனக்குள்ள கேட்டது" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்க முடியவில்லையாம். பிள்ளைகள் திமிங்கிலத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரைக்கு வந்து தைலம் பூசி, மருமகள் இடுப்பை அமுக்கிவிட்டு, பின்னேரம் கோயில் படியும் ஏறியிருக்கிறார். இரவு கட்டிலில் புரளமுடியாமல் போனபின்தான் ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து மகனுக்குக் காட்டினேன். முள்ளந்தண்டின் எலும்புகள் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய தீப்பெட்டி மாதிரி இருக்கும். அவருடைய அடுக்கில் ஒரு பெட்டியின் முன்பக்கம் மட்டும் நசுங்கி ஆப்பு வடிவத்துக்கு வந்திருந்தது. முதலாம் இடுப்பு முள்ளெலும்பு. விலாக்கள் தாங்கிப் பிடிக்கும் நெஞ்சுப்பகுதி முடிந்து, அசைவுள்ள இடுப்புப்பகுதி தொடங்கும் சந்தி அது. மேலிருந்து கீழாக வரும் அடி பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். குனிந்தபடி இருந்தால் பாரம் முழுதும் எலும்பின் முன்விளிம்பில் விழும். முன் பலகையில் இருப்பவர் எப்போதும் குனிந்துதான் இருப்பார், கமராவைப் பிடித்துக்கொண்டு.

"ஓட்டிக்கு ஒண்டும் ஆகேல்லையே டொக்டர், அவரும் அதே போட்தானே?" என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது.

ஓட்டி பின்னால் நிற்கிறார். படகின் பாரமெல்லாம் இயந்திரப் பக்கம்தான். அலை வரும்போது பின்பக்கம் தண்ணீரிலேயே இருக்க, முன்பக்கம் கதவு மாதிரித் தூக்கி அடிக்கிறது. எங்கள் ஊர் பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்து வேகத்தடையில் துள்ளியவர்களுக்கு இது விளங்கும். பின்சில்லுக்கும் பின்னால் இருப்பதால் அந்த சீட்டுக்குத் துள்ளல் அதிகம். படகில் அதுவே தலைகீழ், முதல் சீட்டுக்கு அதிகம். (பஸ்ஸின் கடைசி சீட்டில் துள்ளி இதே எலும்பை உடைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதைப் பற்றி இன்னொரு நாள்.)

இரண்டாவது, ஓட்டி இருப்பதில்லை, நிற்கிறார். முழங்காலைக் கொஞ்சம் மடித்துத்தான் நிற்கிறார். அடி பாதத்தில் ஏறி, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மூன்று மூட்டிலும் தேய்ந்துதான் முள்ளந்தண்டுக்கு வருகிறது. பலகையில் இருப்பவருக்கு நடுவில் எதுவுமே இல்லை. பிட்டத்திலிருந்து நேரே முதுகுதான். மூன்றாவது, அலை வருவதை ஓட்டி பார்க்கிறார், உடம்பு ஆயத்தமாக இருக்கிறது. பயணி பார்ப்பது திமிங்கிலத்தை.

அரை மீட்டர் எழும்பி விழுந்தால் பலகையைத் தொடும்போது உங்கள் வேகம் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். நீங்கள் கீழே வந்துகொண்டிருக்கும் அதே நொடியில் படகு அடுத்த அலையில் மேலே வந்துகொண்டிருந்தால் அந்த வேகமும் சேர்ந்துவிடும். இளவயது எலும்பும் இதற்கு உடையும். 2008 ஆகஸ்டில் பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் காற்றடைத்த ஓரமுள்ள ஒரு வேகப்படகில் உல்லாசப் பயணம் போன பெண்ணுக்கு இப்படியேதான் முள்ளெலும்பு நசுங்கியது. அந்த நாட்டின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அதை விசாரித்து அறிக்கையே வெளியிட்டது. ஆகவே இது எங்கள் ஊர் ஓட்டிகளின் குறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சனங்கள் பயப்படுவதோ திமிங்கிலத்துக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. 2015 மார்ச்சில் மெக்சிகோவின் காபோ சான் லூக்கஸ் அருகே சாம்பல் திமிங்கிலம் ஒன்று சுற்றுலாப் படகோடு மோதி கனடாப் பெண் ஒருவர் இறந்தார். 2022 செப்டம்பரில் நியூசிலாந்தின் கைகோரா அருகே 11 பேருடன் ஒரு படகு கவிழ்ந்து 5 பேர் இறந்ததற்கும் அடியிலிருந்து எழுந்த திமிங்கிலமே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இவை அபூர்வம், அதனால்தான் உலகச் செய்தியாகின்றன. முன் பலகையில் நசுங்கும் முள்ளெலும்பு உள்ளூர்ப் பத்திரிகையில்கூட வராது.

வேகம் ஏன் தேவைப்படுகிறது என்று ஓட்டித் தம்பிகளிடமே கேட்டிருக்கிறேன். ஒருவர் சொன்ன பதில்: "கிட்டப் போகாட்டி காசு தர மூஞ்சியச் சுளிக்கினம் ஐயா." அப்படியென்றால் வேகத்தை முறுக்குவது அவர் கை மட்டுமில்லை.

திருகோணமலையில் இந்த அவசரத்துக்கு உண்மையில் தேவையே இல்லை. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆழ்கடல் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதால்தான் நீலத் திமிங்கிலமும் பக்கத்தில் வருகிறது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில், கோயிலடியில் நின்றே சில நாட்களில் அதன் மூச்சைப் பார்க்கலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த விஞ்ஞானிகள் இந்தக் கடலில்தான் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். பிறகு யுத்தம் வந்து எல்லாம் நின்றுபோனது. இப்போது பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு அந்தக் கதை தெரியாது.

நீலத் திமிங்கிலம் மேலே வந்தால் சில தடவை மூச்சு விடும், பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கும். ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் திரும்ப வரும். அது இறங்குகிற நேரத்தில் நீங்கள் பாய்ந்து போய்ச் சேர்ந்தால் பார்ப்பது வட்டமாக விரியும் வெறும் தண்ணீரைத்தான். இயந்திரத்தை அணைத்துவிட்டு இருந்தால் மூச்சுச் சத்தமே கேட்கும். நான் ஒருமுறை அப்படிக் கேட்டிருக்கிறேன், லொறி டயரில் காற்றைத் திறந்துவிட்டது மாதிரி. எங்கள் நாட்டில் 2012இல் வந்த ஒழுங்குவிதிகளும் 100 மீட்டருக்குள் படகு போகக்கூடாது என்றுதான் சொல்கின்றன. இருபது மீட்டருக்கும் மேல் நீளமான பிராணி, நூறு மீட்டரில் தாராளமாகத் தெரியும்.

சரி, போகிறவர்களுக்கு.

ஏறும்போதே பின்பாதியில் நடுப்பலகையைக் கேளுங்கள். முன் பலகையில் இடம் இருந்தால் அதில் தண்ணீர்ப் போத்தலையும் பையையும் வையுங்கள். இரண்டு பாதமும் படகின் தரையில் முழுதாக ஊன்றியிருக்க வேண்டும், கால் தொங்கினால் பயனில்லை. கையால் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும், ஃபோன் பிடிப்பு அல்ல. படகு முன்னால் எழும்பத் தொடங்கும்போது, சைக்கிளில் பள்ளத்தைக் கண்டால் சீட்டை விட்டு லேசாக எழும்புவோமே, அப்படிப் பாரத்தைத் தொடைக்கு மாற்றுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கழற்றி மெத்தையாகப் போட்டு அதில் இருப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அந்த நுரை பாரத்துக்கு அமுங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும், முதுகும் காப்பாற்றப்படாது, அங்கியும் மேலில் இருக்காது. வாந்தி வரும் என்று குளிசை போடுபவர்கள் தூக்கம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். தூங்கி வழிபவர் அலையைக் காணமாட்டார்.

மாதவிடாய் நின்ற பெண்கள், ஏற்கெனவே ஒரு சின்ன விழுகைக்கே மணிக்கட்டோ இடுப்போ உடைந்தவர்கள், இழுப்புக்கோ வாதத்துக்கோ நீண்ட நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள், முதுகில் ஒப்பரேஷன் செய்தவர்கள், இவர்களெல்லாம் சிறு வேகப்படகை விட்டுவிட்டுப் பெரிய படகு இருந்தால் அதில் போங்கள், இல்லாவிட்டால் சுவாமி மலையில் ஒரு பைனாக்குலரோடு நில்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

காலையில் வெள்ளன வெளிக்கிடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் நேரம் ஏற ஏறக் கடல் கலங்கும், போகும்போது கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் திரும்பும்போது அப்படி இருக்காது. அடி வாங்குவதில் பாதி திரும்பும் வழியில்தான். பார்த்தாயிற்று, பசி, வெயில், ஓட்டிக்கு அடுத்த பயணம் காத்திருக்கிறது.

அடி பட்டுவிட்டால் உடனே ஓட்டியிடம் சொல்லுங்கள். அந்த அம்மா மாதிரிப் பிள்ளைகளின் சந்தோஷத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். இயந்திரத்தை மெதுவாக்கி, அவரைப் படகின் தரையில், பின்பக்கமாக, நேராகப் படுக்க வையுங்கள். அமுக்குவது, உருவுவது, முறுக்கி நெட்டி எடுப்பது எதுவும் வேண்டாம். கரையில் ஆட்டோவில் குந்தவைத்துக் கொண்டுபோகாமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காலில் பலக்குறைவு, கவட்டுப் பகுதியில் விறைப்பு, சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணித்தியாலம்கூடப் பிந்தக்கூடாது. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் முடிகிற இடம் இந்த எலும்பின் பக்கத்தில்தான். நடக்க முடிகிறது என்பதால் உடையவில்லை என்று நினைக்காதீர்கள். அந்த அம்மா படியே ஏறினார்.

அவருக்கு ஒப்பரேஷன் தேவைப்படவில்லை. மூன்று மாதம் இடுப்புப் பட்டி, வலிக்கு மாத்திரை, பிறகு எலும்புத் தேய்வுக்கான சிகிச்சை. படகு வராவிட்டால் அந்தத் தேய்வு இருப்பதே தெரிந்திருக்காது என்பது வேறு கதை. கடைசி முறை கிளினிக்குக்கு வந்தபோது மகன் வெளியில் நிற்க, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் கடைசிவரைக்கும் அந்தத் திமிங்கிலத்தைப் பார்க்கவே இல்லை. வலியில கண்ணை மூடிக்கொண்டு இருந்திட்டன். இனிப் போகலாமோ?"

மலையில் நின்று பாருங்கள் அம்மா என்றேன். அடுத்த பங்குனிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஓட்டித் தம்பியும் ஒருநாள் தன் முழங்கால் வலியோடு என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில் முன் பலகையைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். இப்போது அந்த இடத்தில் நங்கூரமும் கயிறும் ஐஸ் பெட்டியும் இருக்கிறதாம். "ஏன் கழற்றினீங்கள் எண்டு வெள்ளைக்காரர் கேட்கினம் ஐயா, பலகை உளுத்துப்போச்சு எண்டு சொல்லிறன்."