மசில்லோடரா, ரைஃபிளா: எதற்கு எது எதிர்ச்சொல்?

மான் வேட்டைக்கு மசில்லோடர் நல்லதா, ரைஃபிள் நல்லதா என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஓயாமல் பேசுவார்கள். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இடறுகிறது. இரண்டும் எதிர்ச்சொற்களே இல்லை. ஒன்று, வெடிமருந்தும் குண்டும் எந்தப் பக்கமாக உள்ளே போகின்றன என்பதைச் சொல்கிறது. மற்றது, குழலின் உட்சுவர் எப்படி இருக்கிறது என்பதை. முழுக்கைச் சட்டை வேண்டுமா, பருத்திச் சட்டை வேண்டுமா என்று கேட்பது மாதிரிதான்.

மசில் என்பது குழலின் வாய். கரிமருந்தை அளந்து அந்த வாயில் கொட்டி, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, நீளக் கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடிக்கு ஒரு தடவை. நம் பக்கம் வயல் காவலுக்கும் நரிக்குறவர் கையிலும் இருந்த நாட்டுத் துப்பாக்கி இந்த வகைதான். 'வாய்வழிக் குண்டேற்றத் துப்பாக்கி' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் மான் ஓடிவிடும். 'வாய்க்கெட்டித் துப்பாக்கி' போதும் என்பது என் கட்சி.

ரைஃபிளின் வேர் பழைய பிரெஞ்சு. கீறு, சுரண்டு என்று பொருள். குழலின் உள்ளே திருகலாகக் கீறிய பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. சுற்றுகிற பம்பரம் சாயாது அல்லவா, அதுபோல அந்தக் குண்டும் தடுமாறாமல் போகும். திருகலுக்கு நம்மிடம் 'புரி' இருக்கிறது, வலம்புரிச் சங்கில் உள்ள அதே புரி. ஆகவே 'புரித்துப்பாக்கி'. நம் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தோளில் மாட்டித் திரிந்த 303 ரைஃபிள், பார்க்கப்போனால், இடம்புரி.

துப்பாக்கியே இரவல் சொல்தான். துருக்கியின் 'துஃபெக்'குக்கு உறவு. ஆதியில் அது வாயால் ஊதும் குழலைக் குறித்தது. ஈழத்துத் 'துவக்கு'ம் அதே குடும்பம்.

சரி, ஒரே துப்பாக்கி இரண்டுமாக இருக்க முடியுமா? முடியும். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளத் துப்பாக்கிகள் வாயில் கெட்டிப்பவை, உள்ளே புரி கொண்டவை. இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் 1857. கொழுப்புத் தடவியது என்று சிப்பாய்கள் மறுத்த அந்தக் காகிதத் தோட்டா, என்ஃபீல்டு ரைஃபிளுக்கானது. பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, கோலால் இடிக்க வேண்டும். பின்பக்கம் திறப்பதாக இருந்திருந்தால் கடிக்கும் வேலையே இல்லை. அப்படித் திறக்கும் ஸ்னைடர் ரைஃபிள் 1866இல்தான் வந்தது.

அப்படியானால் வாய்க்கெட்டிக்கு எதிர் எது? மருந்தும் குண்டும் ஒன்றாய் அடைத்த உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடும் 'தோட்டாத் துப்பாக்கி'. அகராதி வேண்டாம், பேச்சிலேயே இருக்கிறது.

இனி அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கலாம்: மான் வேட்டைக்கு வாய்க்கெட்டியா, தோட்டாவா? இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது இரண்டுக்கும் இடமில்லை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் வாய்க்கெட்டித் துப்பாக்கிக்கென்றே ஒரு வேட்டைப் பருவம் உண்டு, 1974 முதல். தோட்டாக்காரர்கள் அதில் இறங்க முடியாது. கூட்டம் குறைந்த காட்டுக்காகவே பலர் பழைய துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். அடர்ந்த மரங்களுக்கிடையே 100 கஜத்துக்குள் உருண்டைக் குண்டு போதும். 200 கஜத்துக்கு அப்பால் திறந்த வயலில் நிற்கும் மானுக்கு 30-06 போன்ற தோட்டாத் துப்பாக்கியே நியாயம். குறை உயிராய் ஓடவிடுவதைவிட அது மேல். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கரிமருந்துக் குழலில் இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்தைப் போட்டால் குழல் வெடித்துக் கையோடு போகும்.

கரிமருந்தின் புகையோ, சுட்டவர் கண்ணையே மறைக்கும். மான் விழுந்ததா, ஓடியதா என்று பார்க்க அவர் குனிந்து புகைக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டும்.