அசைலம்: பறிக்க முடியாத இடம்

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் பேச்சில் 'அசூல்' என்று ஒரு சொல் உண்டு. 'அசூல் அடிச்சாச்சா?' என்றால், தஞ்சம் கேட்டு மனுக் கொடுத்தாயிற்றா என்று அர்த்தம். ஜெர்மன் வழி வந்த அசூலும் ஆங்கிலம் வழி வந்த அசைலமும் ஒரே சொல்தான்.

மூலம் கிரேக்கம். 'சூலே' என்றால் பறித்தல், பிடித்துக்கொண்டு போகும் உரிமை. முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கிறது. கோயில் எல்லைக்குள் ஓடி வந்தவரை வெளியே இழுத்துப் போகக் கூடாது. அப்படிப்பட்ட இடம் 'அசூலோன்'. கவனியுங்கள், வந்தவரின் பரிதாப நிலையைப் பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. துரத்தி வருபவரின் கையைத்தான் அது தடுக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? செய்தித்தாள்களில் 'அரசியல் தஞ்சம்' பழகிவிட்டது. தஞ்சம் என்ற சொல்லுக்கு 'எளிமை' என்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். இன்றும் அதில் கெஞ்சி நிற்கும் சாயல் இருக்கிறது. அடைக்கலம் இன்னும் அழகான சொல். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் காதைக்கு அதுவே பெயர். ஆனால் அங்கே ஒருவர் நம்பி ஒப்படைக்கிறார், இன்னொருவர் ஏற்றுக் காக்கிறார். சட்டம் பேசும் உரிமைக்கு நான் 'புகலிடம்' என்பதையே எடுப்பேன். புகு என்ற வினையிலிருந்து வந்தது புகல். உள்ளே வர விடாமல் புகல் கொடுக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சிக்கலே இந்த இடத்தில்தான். 1999 அக்டோபரில் பின்லாந்தின் தாம்பெரே நகரில் கூடிய தலைவர்கள், பொதுப் புகலிட அமைப்பு ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டார்கள். டப்ளின் விதிப்படி, பெரும்பாலும் முதலில் கால்வைத்த நாடே மனுவை விசாரிக்க வேண்டும். அதைக் கண்டறிய 2003 முதல் யூரோடாக் என்ற கைரேகைத் தொகுப்பு இயங்குகிறது. ஆப்கானியர் ஒருவரை இந்த விதியைக் காட்டி பெல்ஜியம் கிரீசுக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே அவர் காவலில் அடைக்கப்பட்டார், பிறகு தெருவில் கிடந்தார். இரண்டு நாடுகளுமே தவறு செய்தன என்று 2011 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுப்பிய நாடும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பதே அதன் சாரம்.

வருபவர் யார் என்று விசாரிப்பதை நான் குறை சொல்லவில்லை. எல்லையைக் காக்கும் அரசுக்கு அது கடமை. ஆனால் 2024இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உடன்படிக்கை, கைரேகை எடுக்கும் வயதை 14இலிருந்து 6ஆகக் குறைத்தது. எந்த நாட்டவரின் மனுக்களில் 20 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோதான் ஏற்கப்படுகின்றனவோ, அவர்கள் எல்லையிலேயே விசாரிக்கப்படுவார்கள். இது 12 வாரம் வரை நீளலாம். அதுவரை அவர்கள் அந்த மண்ணில் நின்றாலும், நாட்டுக்குள் நுழைய அனுமதி பெறாதவர்கள். புகாமலே புகலிடம் கேட்கும் நிலை! இது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், சொல்வழக்கில் ஒரு திருத்தம். மனுவின் முடிவு வரும்வரை, அதைக் கொடுத்தவர் 'புகலிடம் கோருபவர்'. அவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று எழுதாதீர்கள். ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் காரணம் சொல்லும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு.