பழைய காரின் சிப்பும் புதிய பெட்ரோலும்

சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது பழைய எஸ்டீமோ ஐகானோ சான்ட்ரோவோ மூன்றாவது கியரிலும் திணறினால், பட்டறையில் உடனே வரும் யோசனை: "சிப்பை மாத்திடலாம்ணே." மாற்றலாம். ஆனால் கூடுதல் குதிரைசக்தி கிடைக்கும் என்று மாற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் சிப்பால் மட்டும் ஐந்து சதவீதத்துக்கு மேல் கிடைப்பது அரிது. இந்த வண்டிகளில் சிப்பைத் தொடுவதற்கு வேறொரு வலுவான காரணம் இருக்கிறது. டேங்கில் ஊற்றும் பெட்ரோல் மாறிவிட்டது, சிப்பில் உள்ள எண்கள் மாறவில்லை.

எஞ்சின் கணினி யோசிப்பதில்லை, சிப்பில் எழுதிவைத்த அட்டவணையைப் பார்க்கிறது. ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் எஞ்சின் மீதுள்ள சுமை. பதினாறுக்குப் பதினாறு கட்டம் என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். ஓர் அட்டவணை, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும். இன்னொன்று, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஆர்பிஎம் நின்றால், அக்கம்பக்க எண்களை வைத்து இடைமதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளும். காற்றின் சூடு, எஞ்சின் சூடு, பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றுக்குச் சின்னச் சின்னத் திருத்த அட்டவணைகளும் உண்டு.

அந்த எண்கள் எந்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டவை? 2000-ஐ ஒட்டி வந்த வண்டிகள் எத்தனால் கலக்காத, ஆக்டேன் (நேரந்தவறி வெடிக்காமல் தாங்கும் திறன்) 88 அளவிலான பெட்ரோலுக்காகச் சீரமைக்கப்பட்டவை. இன்று பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. ஆக்டேன் 95 அளவில் இருக்கிறது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5 வருகிறது. அதாவது, அதே காற்றுக்கு ஏழு, எட்டு சதவீதம் கூடுதல் எரிபொருளைத் தெளிக்க வேண்டும்.

நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இந்தக் குறையைக் கண்டுபிடித்து ஈடுகட்டிவிடும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால்தான் சிக்கல். அப்போது பழைய கணினி சென்சாரைக் கண்டுகொள்ளாமல் அட்டவணையை மட்டும் நம்புகிறது. முழு மிதியில் லாம்டா (கிடைக்கும் காற்றை, முழுதாக எரியத் தேவையான காற்றால் வகுத்த எண்; 1-க்குக் கீழே என்றால் எரிபொருள் கூடுதல்) 0.87 வரும்படி அமைத்த வண்டி இ20-இல் ஏறக்குறைய 0.94-இல் ஓடும். பெட்ரோல் எஞ்சின் நன்றாக இழுப்பது 0.86 முதல் 0.90 வரைக்குள். 0.94-இல் இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். சித்திரை வெயிலில் நான்கு பேரோடு கணவாய் ஏறும் எஞ்சினுக்கு அந்தச் சூடு நல்லதல்ல. ஆனால் ஆக்டேன் கூடியதால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்தள்ள இடமும் கிடைத்திருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் சிப் வேலையின் உண்மையான பலன்.

சிப்பைத் தொடும் முன் எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராக மேப்புக்கு, அதாவது இந்த அட்டவணைகளுக்கு, போகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் கெட்ட பெயரும் அதிகம். எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வேலை வால்விலோ ரிங்கிலோ இருக்கிறது, சிப்பில் இல்லை. ஃபியூவல் பிரஷர் கம்பெனி சொன்ன அளவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டிகளில் அது 2.5 முதல் 3 பார். பழைய ரப்பர் ஃபியூவல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிவிடுங்கள். வெடித்த ஹோஸோடு ட்யூனிங் பேசுவது ஆபத்து.

எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சோதிக்க இந்தப் பகுதியின் மேடுபள்ளமே உதவும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். தர்மபுரி ஐந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருப்பதால் 96 அளவில் இருக்கும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் 91. சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் இந்த அளவைப் பாருங்கள். தர்மபுரியில் நின்றுகொண்டு 101 காட்டினாலோ 88 காட்டினாலோ சென்சாரோ அதன் எர்த்தோ சரியில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போனால் பிக்கப் குறைகிறது என்பதும் சிப் கோளாறல்ல. காற்றே ஐந்து சதவீதம் மெலிந்துவிடுகிறது, டர்போ இல்லாத எஞ்சினில் அதை எந்த மேப்பாலும் மீட்க முடியாது.

இனி சிப். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கணினிப் பெட்டியைத் திறந்தால், 28 கால் கொண்ட 27சி256 வகை ஈப்ராம் (நிரலும் அட்டவணைகளும் எழுதப்பட்ட சிப்) இருக்கலாம்; கொள்ளளவு 32 கிலோபைட். எல்லா வண்டியிலும் இருக்காது. சிலவற்றில் நிரல் மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே புதைந்திருக்கும். அங்கே இந்த வழி பயன்படாது. ஈப்ராம் நடுவே உள்ள கண்ணாடிச் சாளரத்தின் ஸ்டிக்கரைப் பிய்க்கக் கூடாது. நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே உள்ளே இருப்பது அழிந்துபோகும்.

சிப் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருந்தால், ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் புது ஈயம் வைத்து, பிறகு உறிஞ்சி எடுங்கள். ஒரே இடத்தில் மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைத்தால் செம்புத் தடம் எழும்பிவிடும்; இந்த வேலையில் போர்டு சாவது பெரும்பாலும் இப்படித்தான். அதே இடத்தில் 28 கால் சாக்கெட் வையுங்கள், உருண்டைத் துளை கொண்ட மெஷின்டு பின் வகை. மலிவான தகட்டு சாக்கெட் அதிர்வில் தளர்ந்து, மேடுபள்ளத்தில் வண்டி திடீரென நிற்கும்.

அசல் சிப்பைப் புரோகிராமரில் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக எழுத, மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய 27எஸ்எஃப்512 வசதி. அது 64 கிலோபைட் என்பதால் 32 கிலோபைட் கோப்பை மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டிலும் எழுதுங்கள். 256-இல் முதல் கால் புரோகிராமிங் வோல்டேஜுக்கு. 512-இல் அதே கால் முகவரிக் கம்பி. ஒரு பாதியில் மட்டும் எழுதினால் கணினி காலியான பாதியைப் படித்து, எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். எண்களை மாற்றியதும் செக்சம் (கோப்பில் பிழையில்லையா என்று கணினி சரிபார்க்கும் கூட்டுத்தொகை) திருத்துங்கள், இல்லாவிட்டால் பல கணினிகளில் செக் எஞ்சின் விளக்கு எரியும். சிப்பின் வெட்டுக்குறி சாக்கெட்டின் வெட்டுக்குறியோடு பொருந்த வேண்டும். திருப்பிப் போட்டு சாவி திருகினால் சிப் அங்கேயே கருகிவிடும்.

முதலில் எரிபொருள் அட்டவணை. முழு மிதிக் கட்டங்களை மட்டும் 1.07-ஆல் பெருக்குங்கள், 140 இருந்தால் 150. பிறகு எக்ஸாஸ்டில், லாம்டாவைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்து, லாம்டா 0.87 - 0.88 வரும்வரை நுணுக்குங்கள். மீட்டரைக் காற்று-எரிபொருள் விகிதத்தில் வைக்காமல் லாம்டாவில் வையுங்கள். விகிதம் காட்டும் மீட்டர் சுத்த பெட்ரோலின் 14.7-ஐ வைத்தே கணக்கிடும், இ20-இல் அந்த எண் குழப்பும். இன்ஜெக்டரின் எல்லையையும் மறக்கக் கூடாது. 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழு எரிப்புச் சுழற்சிக்கு, அதாவது எஞ்சின் இரண்டு முறை சுற்ற, கிடைக்கும் நேரம் 20 மில்லி விநாடி. அதில் 85 சதவீதமான 17 மில்லி விநாடிக்குமேல் திறந்து வைக்கக் கூடாது. ஏற்கெனவே 16.5 இருந்தால் 1.07-ஆல் பெருக்கும்போது 17.7 ஆகிவிடும். அங்கே பெரிய இன்ஜெக்டர் வேண்டும், அல்லது ரெவ் லிமிட்டை (ஆர்பிஎம்மின் உச்ச வரம்பை) குறைக்க வேண்டும்.

எரிபொருள் சரியான பிறகுதான் ஸ்பார்க். ஒரு டிகிரி முன்தள்ளி, டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடை) டார்க், அதாவது இழுவிசை, பாருங்கள். கூடினால் இன்னொரு டிகிரி. கூடாவிட்டால் பழைய எண்ணுக்கே திரும்புங்கள். மொத்தம் இரண்டு, மூன்று டிகிரியோடு நிறுத்துங்கள். 2000 முதல் 3500 ஆர்பிஎம்மில் முழுச் சுமைக் கட்டங்களைக் கடைசிவரை தொடாமல் வைப்பது நல்லது. கணவாய் ஏறும்போது எஞ்சின் ஓடுவதும் அங்கேதான், எரிபொருள் நேரந்தவறி வெடிக்கும் நாக்கிங் பிறப்பதும் அங்கேதான். இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் நாக் சென்சார் கிடையாது. டக் டக் என்று உலோகம் தட்டும் சத்தம் கேட்டாலோ, கழற்றிய பிளக்கின் பீங்கானில் அலுமினியத் துகள் மின்னினாலோ இரண்டு டிகிரி பின்வாங்குங்கள். தொப்பூர் கணவாயைச் சோதனைச் சாலையாக்க வேண்டாம். எத்தனையோ உயிர்களைக் குடித்த சாலை அது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். அசல் சிப்பை ஸ்டிக்கரோடு பத்திரமாக வையுங்கள். வேலை முடிந்ததும் புகைப் பரிசோதனை செய்யுங்கள். ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு கூடியிருந்தால் முழு மிதிக் கட்டங்களைக் குடையாதீர்கள்; அவற்றுக்கும் ஐட்லிங்குக்கும் தொடர்பில்லை. ஆக்சிஜன் சென்சார் கம்பியில் வோல்ட்மீட்டர் வைத்து, 0.1-க்கும் 0.9-க்கும் இடையே முள் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அசையாமல் நின்றால் மாற்ற வேண்டியது அந்தச் சென்சாரைத்தான்.