கடை திறக்கும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறு வியாபாரிகளுக்கு இணையக் கடை அமைத்துத் தருவது என் தொழில். இப்போதெல்லாம் பலர் பதிவிறக்கிக்கொள்ளும் கணினிக் கோப்புகளை விற்பதற்குக் கடை கேட்டு வருகிறார்கள். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பயிற்சித் தாள்கள், கல்யாண அழைப்பிதழ் டெம்பிளேட்டுகள், தீபாவளி வாழ்த்து அட்டைகள், அச்சடித்து வண்ணம் தீட்டும் கோலங்கள் என்று பலவகை. ஒருமுறை செய்து வைத்தால் எத்தனை பேருக்கும் விற்கலாம், சரக்கு தேங்காது, கூரியர் செலவும் இல்லை. நல்ல தொழில்தான். ஆனால் பெயர், நிறம், லோகோ எல்லாம் பேசுவதற்கு முன்னால் கோப்பைத் திறந்து காட்டச் சொல்வேன். அதிலுள்ள எழுத்துரு (ஃபான்ட்), படம், பாட்டு, பாடம் இவற்றில் எது உங்களுடையது? பிறருடையதை விற்க யார் அனுமதி கொடுத்தார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் கடை திறக்கவே கூடாது என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அழைப்பிதழ் காணொளிகளில் இது உடனே தெரிந்துவிடும். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும். கேட்டால், "எல்லாரும்தானே போடுகிறார்கள்" என்பார்கள். பாட்டை வீட்டில் போட்டுக் கேட்பது வேறு, அதே பாட்டைச் சேர்த்து 50 ரிங்கிட்டுக்கு விற்பது வேறு. நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எங்கும் பதிவு செய்யாமலேயே படைத்தவருக்கு உரிமை வந்துவிடுகிறது. எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றுக்கு அது அவருடைய வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பிறகு 50 ஆண்டுகளும் நீடிக்கும். ஓவியர் ரவி வர்மா 1906இல் காலமானவர். அவர் வரைந்த சரஸ்வதியை உங்கள் வாழ்த்து அட்டையில் வைக்கலாம். போன வாரம் ஒருவர் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்ட முருகனை அப்படி எடுக்க முடியாது. கான்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தில் உள்ள படத்தை அப்படியே தனியாக விற்க அதன் உரிமம் இடம் தராது. பல உறுப்புகளைச் சேர்த்து நீங்களே அமைத்த வடிவமைப்பை விற்கலாம். பயிற்சித் தாளும் அதே மாதிரிதான். பாடத்திட்டத்தை ஒட்டிக் கேள்விகளை நீங்களே எழுதுங்கள். பாடநூல் பக்கத்தை ஸ்கேன் செய்து நடுவில் சொருகாதீர்கள்.

எழுத்துருவைப் பலர் கவனிப்பதே இல்லை. நண்பர் கொடுத்தார், கணினியில் கிடந்தது என்பதெல்லாம் உரிமம் ஆகாது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை. விற்பனைக்கான வடிவமைப்பிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பை விற்றால் இன்னொரு தொல்லை. வாங்கியவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் அடித்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள். தாள் அளவு ஏ4 தானா என்றும் பாருங்கள். அமெரிக்க டெம்பிளேட்டுகள் லெட்டர் அளவில் வரும். இங்கே அச்சடித்தால் ஓரம் கோணிவிடும்.

கோப்பு சரி என்றான பிறகுதான் கடை. வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து, பணம் போட்ட ரசீதை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு கோப்பு அனுப்புகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரசீதின் படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நாளைக்குப் பரீட்சை என்று இரவு பதினொரு மணிக்குப் பணம் கட்டிய அம்மா நீங்கள் எழுந்திருக்கும் வரை காத்திருக்க மாட்டார். வங்கிக் கணக்கிலிருந்து இணையம்வழி நேராகப் பணம் கட்டும் எஃப்பிஎக்ஸ் முறையில் பணம் வாங்கித் தரும் சேவை (பேமென்ட் கேட்வே) ஒன்றைக் கடையோடு இணைத்தால், பணம் வந்தது உறுதியானதும் பதிவிறக்க இணைப்பு தானாகவே போய்விடும். எல்லாருக்கும் ஒரே கூகுள் டிரைவ் இணைப்பைக் கொடுக்காமல், சில நாளில் காலாவதியாகிற இணைப்பாக வையுங்கள். கட்டணத்தையும் கணக்குப் பாருங்கள். ஒரு விற்பனைக்கு ஒரு ரிங்கிட் போகிறது என்றால் 3 ரிங்கிட் தாளில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதனால்தான் பத்துத் தாளைத் தொகுப்பாக்கி விற்கச் சொல்கிறேன்.

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. கடையின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது பயனீட்டாளர் சட்டத்தின் கீழுள்ள விதி. வருமானத்துக்கு வரியும் உண்டு. கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருங்கள். இந்த வியாபாரத்துக்கு ஆசிரியர்கள் நிறையப் பேர் வருவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு ஊழியர் வெளிவருமானத்துக்கான வேலை செய்ய முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்று 1993ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

அப்புறம், நல்ல கோப்பு என்றால் ஒருநாள் ஏதாவது டெலிகிராம் குழுவில் இலவசமாகச் சுற்றும். அதற்காக மனம் விட்டுவிடாதீர்கள். வாங்கியவரின் பெயரை ஒவ்வொரு பக்க அடியிலும் சிறிதாகப் பதித்து அனுப்பும் வசதி சில கடை மென்பொருள்களில் உண்டு. பெயர் தெரியும்போது பலர் பகிரத் தயங்குவார்கள். இணையச் சேவை வழங்குநருக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் அதை நீக்க வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. முக்கியமான தொகுப்புகளை மைஐபிஓ எனும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாமாக முன்வந்து பதிந்தும் வைக்கலாம். உரிமை உங்களுடையது என்பதற்கு அது முதல்நிலைச் சான்றாக நிற்கும். கைவரைவு, திருத்தம் செய்யக்கூடிய மூலக்கோப்பு, எழுத்துரு உரிமம், படம் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் தேதியோடு ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். புகார் எழுத உட்காரும்போது அவைதான் வேண்டும்.