ஹமார்ட்டியா என்றால் குணக்கேடு அல்ல: துன்பியல் நாடகம் எழுதுவோர் கவனத்துக்கு

நாயகனுக்கு ஒரு குறையைக் கொடுத்துவிட்டால் அவன் துன்பியல் நாயகன் ஆகிவிடுவான் என்ற நம்பிக்கை, புதிதாக நாடகம் எழுதுவோரிடம் வேரூன்றிக் கிடக்கிறது. முன்கோபி, குடிகாரன், சந்தேகப் பேர்வழி என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் காட்சியிலிருந்தே அதைக் காட்டிக்கொண்டே போய், கடைசியில் அவனைச் சாகடித்து விளக்கை அணைக்கிறார்கள். அரங்கில் ஒரு கண்ணும் நனைவதில்லை. 'இவனுக்கு இப்படித்தான் ஆகும்' என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துகொண்ட பார்வையாளர் எதற்காக அழுவார்?

கோளாறு ஒரு சொல்லில் தொடங்குகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் எழுதிய 'கவிதையியல்' நூலின் 13ஆம் அதிகாரத்தில் வரும் 'ஹமார்ட்டியா' என்ற சொல்லைக் குணக்குறை என்றே பலரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அதன் வினைவடிவத்துக்குக் குறி தவறுதல் என்று பொருள். எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போவதற்குக் கிரேக்கக் காப்பியக் கவி ஹோமர் அந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார். அதாவது அது ஒரு செயல். அரிஸ்டாட்டில் அங்கே கயமையையும் தீக்குணத்தையும் பெயர் சொல்லியே விலக்குகிறார். அப்பழுக்கற்றவன் வீழ்ந்தால் நமக்கு மனம் கசந்துபோகிறது. கொடியவன் வீழ்ந்தால் 'நல்லது' என்று எழுந்து போகிறோம். இவ்விருவருக்கும் நடுவில் நின்று, பெரியதொரு பிழையால் வீழ்பவனே அவர் கேட்கும் ஆள். தகாத துன்பத்தைக் கண்டால் இரக்கம். நம்மைப் போன்றவனுக்கு அது நேர்ந்தால் அச்சம். இரண்டும் சேர்ந்து எழ வேண்டும்.

'ஆணவம்தான் வீழ்ச்சிக்குக் காரணம்' என்ற வாய்பாடும் இதே வகைதான். ஆணவம் என்று பெயர்க்கப்படும் 'ஹூப்ரிஸ்' என்ற கிரேக்கச் சொல், ஏதென்ஸ் சட்டத்தில் பிறரை இழிவுபடுத்தித் தாக்கும் குற்றம். அரிஸ்டாட்டிலின் துன்பியல் இலக்கணத்தில் அதற்கு இடமே இல்லை.

தமிழ் வாசகருக்கு ஹமார்ட்டியாவை விளக்கச் சிலப்பதிகாரப் பாண்டியனைவிடச் சிறந்த ஆள் கிடையாது. அது காப்பியம், நாடகப் பிரதி அல்ல. ஆனாலும் பிழையின் அமைப்பு அப்படியே பொருந்துகிறது. ஊடிப் போன தேவியின் இருப்பிடத்துக்கு அரசன் விரைந்துகொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். அரசன் நின்று விசாரிக்காமல் காவலரிடம் சொல்வது: 'கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.' இந்த ஆணையில் 'கொன்று' என்ற ஒரே ஒரு எச்சத்தை எடுத்துவிடுங்கள். சிலம்பு வந்திருக்கும், உடைத்துப் பார்த்திருப்பார்கள், உள்ளே முத்தா மாணிக்கமா என்பது தெரிந்திருக்கும், கோவலன் பிழைத்திருப்பான். பாண்டியன் கொடுங்கோலன் அல்ல. நீதியில் பெருமை கொண்டவன். அதனால்தான் உண்மை தெரிந்த கணத்தில் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவன் வாயிலிருந்தே தீர்ப்பு வருகிறது. செய்ய வேண்டிய இரண்டு வேலைகளில் எது முன், எது பின் என்பதில் விழுந்த ஒரு தவறு.

கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி'யில் அரசன் கிரியோனுக்கும் இதுவே நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாலினைசிஸின் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்பது அவன் ஆணை. அதை மீறி அண்ணனுக்கு ஈமக்கடன் செய்த ஆன்டிகனியை அவன் குகையில் அடைக்கிறான். அவன் பிடிவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் அவன் மனம் மாறிவிடுகிறான். முதலில் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்று கோரஸ், அதாவது மேடையில் நிற்கும் பாடற்குழு, சொல்கிறது. கிரியோன் முதலில் பாலினைசிஸின் உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பி, அதற்குப் பிறகே குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கில் தொங்கிவிட்டாள். மகன் ஹீமான் தந்தையின் கண்முன்னே வாளில் பாய்கிறான். பிடிவாதம் மட்டுமே காரணமாக இருந்தால் மனம் மாறியதும் நாடகம் முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே எழுதத் தொடங்குமுன் நாயகனின் பிழையை ஒரே வாக்கியத்தில், வினைமுற்றோடு எழுதிப் பாருங்கள். 'அவன் சந்தேகக்காரன்' என்று வந்தால் பிரதி இன்னும் தயாராகவில்லை. 'தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்றான்' என்று வந்தால் வேலை தொடங்கலாம். பிறகு ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்தவை ஒரு பக்கம், தெரியாதவை மறுபக்கம். தெரியாதவை பக்கம் காலியாக இருந்தால், எல்லாம் தெரிந்தே தன் அரசனைக் கொல்லும் ஷேக்ஸ்பியரின் மக்பெத் போன்ற ஒருவனை எழுதுகிறீர்கள். அது இன்னும் கடினமான வழி. அங்கே நாயகன் தன் தவறோடு தானே வாதாடுவதை மேடையில் காட்டியாக வேண்டும். 'மக்பெத்' முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில் ஷேக்ஸ்பியர் அதைத்தான் செய்கிறார்.

மாற்றுவழியும் மேடையில் கேட்க வேண்டும். 'பொறு, விசாரி' என்று யாராவது இரண்டு வரியாவது பேச வேண்டும். அவன் அதை மறுப்பதற்கு மதிக்கத்தக்க காரணம் இருக்க வேண்டும். சோபோக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில், முந்தைய மன்னனைக் கொன்றவன் யார் என்ற விசாரணையை ஈடிபஸ் தொடங்குவது நகரம் கொள்ளைநோயில் சாகிறது என்பதால். மக்கள் வந்து முறையிடும்முன்பே மைத்துனன் கிரியோனை டெல்ஃபி கோயிலுக்குக் குறி கேட்க அனுப்பியிருக்கிறான். கோரஸ் யோசனை சொல்லும்முன்பே குறிசொல்லி தைரேசியஸுக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். கொலைகாரனைச் சபிக்கும்போது, அவன் தன் வீட்டில் தனக்குத் தெரிந்தே இருந்தால் அந்தச் சாபம் தன்னையும் பிடிக்கட்டும் என்கிறான். அவனை அழிப்பது அவனுடைய அக்கறை. முன்கோபம் உண்டுதான், ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நடிக்கும் ஈடிபஸைப் பார்ப்பது பெரும் வேதனை.

காட்சிகளைக் கோக்கும்போது இரண்டு காட்சிகளுக்கு இடையே 'பிறகு' என்று வருகிறதா, 'அதனால்' என்று வருகிறதா என்று பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதற்கும் ஒன்றால் ஒன்று நடப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு என்று 'கவிதையியல்' 10ஆம் அதிகாரம் சொல்கிறது. லாரி மோதிச் சாகும் நாயகன் துன்பியல் நாயகன் ஆவதில்லை. சாகவே வேண்டும் என்றும் இல்லை. ஈடிபஸும் கிரியோனும் நாடகம் முடியும்போது உயிரோடுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனை 'பாவம், குறையுள்ள மனிதன்' என்று சோகப் பாட்டோடு வழியனுப்பும் நாடகங்கள் நிறைய வருகின்றன. அடிபட்டவளுக்கு அந்த நாடகத்தில் ஒரு தனிக் காட்சிகூட இருக்காது. இது துன்பியல் அல்ல, பரிவைத் தவறான விலாசத்துக்கு அனுப்புவது. நாயகன்மேல் இரக்கப்படச் சொல்வது வேறு, அவனை மன்னிக்கச் சொல்வது வேறு. கிரியோன் மகனின் சாவுக்கும் மனைவியின் சாவுக்கும் தன்னையே காரணமாகச் சொல்கிறான். பழியை முழுதாகத் தன் தலையில் ஏற்றுக்கொள்பவன்மேல்தான் இரக்கம் நிற்கும். விதி, சகுனி, சாராயம் என்று பழியை நகர்த்திவிட்டால் அந்த இரக்கம் ஆவியாகிவிடும். வில்லன் பாத்திரம் வலுவாக இருக்கும் நாடகங்களில் இந்த ஆபத்து அதிகம். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் மனைவியைச் சந்தேகிக்கும்படி வில்லன் இயாகோ தூண்டினாலும், கண்ணால் காணும் ஆதாரம் வேண்டும் என்று கேட்டுவிட்டு ஒரு கைக்குட்டையோடு திருப்தியடைந்தவன் ஒதெல்லோ. அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் நாடகம் இயாகோவுடையதாகிவிடும்.

உண்மையை உணரும் கணம் எங்கே வர வேண்டும்? 'ஈடிபஸ் மன்னன்' ஏறத்தாழ 1,530 வரிகள். தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் தானே என்பது அவனுக்குத் தெளிவாவது 1,180ஆவது வரியை ஒட்டி, அதாவது நான்கில் மூன்று பங்கு கடந்தபின். அவனுடைய தாயும் மனைவியுமான ஜொகாஸ்டா அதற்கு நூறு வரிக்கு முன்பே புரிந்துகொண்டு உள்ளே போய்விடுகிறாள். அந்த நூறு வரியும் நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. துன்பியலின் முழு இறுக்கமும் அங்கேதான். கொரிந்து நகரிலிருந்து வரும் தூதனோ நல்ல சேதி சொல்ல வந்தவன். ஈடிபஸின் பயத்தைப் போக்க அவன் சொல்லும் வார்த்தையே கதையைத் தலைகீழாக்குகிறது. 90 நிமிட நாடகமென்றால் இந்தக் கணத்தை 65ஆவது முதல் 70ஆவது நிமிடத்துக்குள் வையுங்கள். 88ஆவது நிமிடத்தில் வைப்பவர்கள் திடுக்கிடலை மட்டும் பெறுகிறார்கள்.

நடிகருக்கும் இயக்குநருக்கும் ஒரு வார்த்தை. குறையை முதல் காட்சியிலேயே உச்சத்தில் நடித்துவிட்டால் ஏறுவதற்குப் படி இருக்காது. முதல் பாதியில் அவன் தன் வேலையில் கெட்டிக்காரன் என்பதைக் காட்டுங்கள். உணரும் கணத்தில் இசையை நிறுத்திவிடுங்கள். கதறலுக்கு முன் மூச்சு இரண்டு மூன்று முறை போய்வர இடம் கொடுங்கள். நேரம் போதவில்லை என்று முடிவுப் பகுதியில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். 'ஆன்டிகனி'யில் மகனின் உடலோடு கிரியோன் திரும்பி வந்தபின் ஏறத்தாழ நூறு வரிகள் இருக்கின்றன. மனைவி யூரிடிசி இறந்த சேதி அவனுக்கு வருவதே அதற்குள்தான். முதல் பிணத்தோடு விளக்கை அணைத்துவிட்டால் இரண்டாவது அடி விழுவதைப் பார்வையாளர் பார்ப்பதே இல்லை.