ஞானப்பல்: சொல்லும் அதற்கு முன்னால் வரும் அச்சமும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகள் ஓரிரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தாள். வயது 22. கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் ஞானப்பல் படுத்தவாக்கில் வளர்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருப்பது, தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் தெரிந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அதை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். ஆனால் அவள் கேட்ட கேள்வி பல்லைப் பற்றியதாக இல்லை. “மாமா, மயக்க ஊசி போடுவாங்களாம். நான் திரும்ப எழுந்திருக்கலைன்னா?” பிழை திருத்தும் வேலை பார்ப்பவனுக்கு எதைக் கேட்டாலும் முதலில் சொல்தான் கண்ணில் படும். அவளுடைய அச்சத்தில் பாதி, மருத்துவமனையில் கொடுத்த குறிப்புத்தாளில் இருந்த ஒரு தவறான சொல்லிலிருந்து வந்தது என்று எனக்குப் பட்டது. அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பல்லின் பெயரைப் பார்ப்போம்.

‘ஞானப்பல்’ என்பது ஞானம், பல் என்னும் இரு சொற்கள் சேர்ந்த தொடர். ‘பல்’ திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல்; மலையாளத்தில் ‘பல்லு’ என்றும் கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து ‘ஹல்லு’ என்றும் வழங்குகிறது. பழந்தமிழில் இதற்கு இணையாக ‘எயிறு’ என்னும் சொல்லும் இருந்தது. குறளில் ‘வாலெயிறு’ என்று வருவது வெண்மையான பற்களைக் குறிக்கும். ‘ஞானம்’ வடசொல். இரண்டையும் சேர்த்து ஒரு பல்லுக்குப் பெயராக்கியது ஆங்கில வழக்கைப் பின்பற்றிய மொழிபெயர்ப்பு; நம் பழைய வழக்கில் அந்தப் பல் தனிப் பெயர் பெறாமல் ‘கடைவாய்ப்பல்’ என்னும் பொதுப்பெயருக்குள் அடங்கியிருந்தது. ஊர்ப்பேச்சில் இன்றும் அது ‘கடவாப்பல்லு’தான்.

ஆங்கிலத்திற்கும் அந்தப் பெயர் சொந்தமானது அன்று. கிரேக்க மருத்துவ நூல்களில் இப்பற்களுக்கு ‘சோஃப்ரொனிஸ்தேரெஸ்’ என்று பெயர். நிதானம், தன்னடக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் சொல்லடியிலிருந்து அது பிறந்தது. இலத்தீனில் அது ‘தெந்தெஸ் சாப்பியென்ட்டியே’, அதாவது அறிவின் பற்கள், என்று ஆனபோது அடக்கம் போய் அறிவு வந்துவிட்டது. அங்கிருந்துதான் ஐரோப்பிய மொழிகள் பலவும் எடுத்துக்கொண்டன. புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களில் இதே பல்லை ‘தான் த சஜெஸ்’ என்பார்கள், பொருள் அதேதான். பிற பற்கள் சிறுவயதிலேயே முளைத்துவிட, இவை மட்டும் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அறிவு முதிரும் பருவத்தில் தலைகாட்டுவதால் வந்த பெயர் இது. எல்லா மொழியினரும் அறிவை நினைக்கவில்லை. கொரிய மொழியில் இது காதல் பல். ஜப்பானிய மொழியில் ‘பெற்றோர் அறியாதது’. துருக்கியர் எந்தக் கற்பனையும் இல்லாமல் ‘இருபது வயதுப் பல்’ என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் துருக்கியரின் நேர்மை பிடிக்கும்.

தமிழில் ‘ஞானம்’ என்னும் சொல் வெறும் அறிவோடு நிற்பதில்லை. மெய்ஞ்ஞானம், ஞானி, ஞானஸ்நானம் என்று வழிபாட்டின் பக்கம் சாய்ந்திருக்கும் சொல் அது. கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. அங்கே மூன்று வயதுச் சம்பந்தர் உண்டது ஞானப்பால். ஒரு கால் எழுத்து கூடினால் பல் பாலாகிவிடும். ‘செவ்வாய்க்கிழமை ஞானப்பால் எடுக்கிறார்கள்’ என்று அக்கா அவசரத்தில் வாட்சப்பில் அனுப்பிய செய்தியைப் பார்த்து அந்தக் கவலையிலும் நாங்கள் சிரித்தோம்.

சரியான தமிழ்ச்சொல் எது என்பதற்கு வருவோம். ‘அறிவுப்பல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். வடசொல்லை நீக்கியதே தவிர, மொழிபெயர்ப்பின் வாடை போகவில்லை. ‘கடைவாய்ப்பல்’ நல்ல சொல், ஆனால் நிரந்தரப் பற்கள் 32இல் கடைவாய்ப்பற்கள் மட்டுமே 12. ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழும் மும்மூன்று. எனவே துல்லியம் வேண்டும் இடத்தில் ‘மூன்றாம் கடைவாய்ப்பல்’ என்றோ ‘இறுதிக் கடைவாய்ப்பல்’ என்றோ எழுதுவதே பொருந்தும். மருத்துவக் குறிப்பில் 38 என்று எண் போட்டிருந்தால் அது கீழ்த்தாடையின் இடப்பக்க மூன்றாம் கடைவாய்ப்பல். 48 என்றால் வலப்பக்கத்துப் பல். எலும்புக்குள் சிக்கி வெளிவராத நிலையை மருத்துவர்கள் ‘இம்பாக்டட்’ என்பார்கள். அதைப் ‘புதைந்த பல்’ என்றால் யாருக்கும் விளங்கும். பேச்சில் ‘ஞானப்பல்’ இருந்துவிட்டுப் போகட்டும். அது பரவிவிட்ட சொல், யாரையும் அச்சுறுத்துவதுமில்லை.

அச்சுறுத்துபவை வேறு சொற்கள். ‘அச்சம்’ என்பதே ‘அஞ்சு’ என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர். எஞ்சு என்பதிலிருந்து எச்சம் வந்ததுபோல. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறை’ என்று அதற்கு நான்கு காரணங்கள் சொல்கிறது. தெய்வம், விலங்கு, திருடர், அரசன். பல் மருத்துவரை இந்த நான்கில் எதில் அடக்குவது என்று கேட்டால், சாய்ந்த நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கு அவர் ‘இறை’தான் என்பேன். நம் உடலின் மீதான ஆட்சி சற்று நேரம் இன்னொருவர் கைக்குப் போவதுதான் அந்த அச்சத்தின் உள்ளீடு. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ‘அஞ்சுவ தஞ்சாமை பேதைமை’ என்று சொல்லியிருக்க, பல் எடுப்பதற்கு முன் அஞ்சுபவரைக் கேலி செய்வது நியாயமாகாது. கடலூர் வழியே ஓடும் கெடிலம் ஆற்றின் கரைக்காரர்களுக்கு இன்னொரு சான்றும் உண்டு. ‘அஞ்சுவது யாதொன்றும் இல்லை’ என்று யானையின் முன் நின்று கெடிலப் புனலைப் பாட்டில் வைத்துப் பாடிய அப்பரேகூட, அதற்கு முன் திருவதிகையில் சூலை நோய் பொறுக்காமல் கதறியவர்தான்.

அளவு மீறிய, காரணத்தோடு பொருந்தாத அச்சத்தைச் சொல்லாக்கம் செய்வோர் சிலர் ‘வெருளி’ என்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த சொல். பழைய பொருள், கொல்லையில் பறவைகளை மிரட்ட நிறுத்தும் வைக்கோல் பொம்மை. தொலைவில் ஆளாகத் தெரிவது அருகே போனால் வைக்கோலும் கிழிந்த சட்டையும்தான். என் அக்கா மகளின் அச்சம் அந்த அளவுக்கு முற்றிய வெருளி அன்று. ஆனால் அருகே போய்ப் பார்க்க வேண்டிய பொம்மை ஒன்று அதிலும் இருந்தது.

அதுதான் ‘மயக்க ஊசி’. மயங்குதல் என்றால் நினைவு தவறுதல். பெரிய மருத்துவமனைகளில் ‘மயக்கவியல் துறை’ என்று பலகை இருப்பது, நோயாளியை நினைவிழக்கச் செய்து அறுவை நடத்த உதவும் துறை என்பதால் பொருந்தும். ஆனால் ஞானப்பல் எடுக்கப் பெரும்பாலானவர்களுக்குப் போடுவது அந்த ஊசி அன்று. தாடையில் ஓடும் நரம்பின் அருகே செலுத்தி அந்தப் பகுதியை மட்டும் உணர்விழக்கச் செய்யும் ஊசி அது. அதிகம் பயன்படும் மருந்தான லிக்னோகெய்னை 1943இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் என்னும் வேதியியலாளர் உருவாக்கினார். இதற்குரிய தமிழ்ச்சொல் மக்கள் வாயிலேயே இருக்கிறது: ‘மரத்துப்போற ஊசி’. எழுத்தில் ‘மரப்பூசி’ எனலாம். மரத்தல் என்பது மரம்போல் உணர்வற்றுப்போதல். கால் மரத்துப்போவதை அறியாதவர் உண்டா? மரப்பூசி போட்டால் நினைவு முழுக்க இருக்கும், கண் திறந்திருக்கும், பேசுவது காதில் விழும். எழுந்திருப்போமா என்னும் கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் தூங்கவே போவதில்லை.

இதை அவளுக்கு விளக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு அவள் அமைதியாகிவிட்டாள் என்று எழுதினால் பொய்யாகும். அடுத்த கேள்வி உடனே வந்தது: “அப்போ எல்லாமே தெரியுமா?” ஆம், ஓரளவு தெரியும், ஆனால் வலியாக அன்று. மரப்பு மருந்து வலியைக் கடத்தும் நரம்பிழைகளை முதலில் அடக்குகிறது. அழுத்தத்தை உணரும் இழைகள் முழுவதும் அடங்குவதில்லை. அதனால் தாடையை யாரோ தள்ளுவது தெரியும், குத்துவது தெரியாது. இந்த வேறுபாட்டை முன்பே அறியாதவர்கள் முதல் அழுத்தத்தையே வலியின் தொடக்கமாக எண்ணிப் பதறுகிறார்கள். இன்னொன்று, மருந்தோடு அட்ரினலின் சிறிதளவு கலந்திருப்பதால் ஊசி போட்ட சற்று நேரம் நெஞ்சு படபடக்கலாம். அது மருந்தின் வேலை, பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இதய நோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடுத்தது ‘பிடுங்குதல்’. நாற்றுப் பிடுங்குவோம், களை பிடுங்குவோம். ‘உயிரைப் பிடுங்காதே’ என்று சலித்துக்கொள்வோம். அந்த வினையில் எப்போதும் ஒரு வெறுப்பும் வேகமும் உண்டு. ஆனால் புதைந்த பல்லில் நடப்பது பிடுங்குவதே அன்று. ஈறைச் சற்று விலக்கி, தேவையான அளவு எலும்பைத் தேய்த்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி, நெம்பி நெம்பி வெளியே எடுத்து, தையல் போடுகிறார்கள். அதிகம் அஞ்சவைப்பது வலியைவிட அந்த வெட்டும் கருவியின் ஒலிதான். ‘எடுத்தல்’ என்னும் எளிய வினை இந்தச் செயலுக்கு நன்றாகவே பொருந்தும். ஒப்புதல் படிவத்தில் ‘அகற்றுதல்’ என்று இருக்கும்; அதிலும் குறையில்லை. எடுப்பது தேவைதானா என்று கேட்பதும் நோயாளியின் உரிமை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலிருந்தே, நோயோ தொல்லையோ இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக எடுக்க வேண்டாம் என்பதே அரசு வழிகாட்டுதல். இவளுடைய பல் பக்கத்துப் பல்லை அரித்துக்கொண்டிருந்ததால் அந்தக் கேள்விக்கு விடை தெளிவாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆளாகப் போகும்படி நேரம் வாங்கியிருந்தாள். நாள் முழுவதும் காத்திருப்பது எடுப்பதைவிடக் கொடுமை. மரப்பூசி மட்டும் என்பதால் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால்தான் மருத்துவர் சொல்லும்படி வெறும் வயிறாக இருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்ததும் மருத்துவர், “வலிச்சா இடது கையைத் தூக்கும்மா, உடனே நிறுத்திடறேன்” என்றாராம். அவள் இரண்டு முறை தூக்கினாள். ஒரு முறை உண்மையாகவே கூச்சம் எடுத்ததால் இன்னும் கொஞ்சம் மருந்து செலுத்தினார்கள். இன்னொரு முறை, உண்மையிலேயே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காக. நிறுத்தினார். அதன் பிறகு கையைத் தூக்கவே தோன்றவில்லை என்றாள். ‘இறை’யின் கையிலிருந்த ஆட்சியில் ஒரு பங்கு அவள் இடக்கைக்குத் திரும்பிவந்துவிட்டது போலும்.

பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்கு வந்தவளுக்கு அன்று துப்பக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குழியில் உறையும் இரத்தம் பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டுப் பல நாள் வலிக்கும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் கூடிப் பிறகு வடியும் என்பதும் தெரிந்திருந்ததால், வியாழக்கிழமை கன்னம் உப்பியபோது வீட்டில் யாரும் பதறவில்லை.

பல் எடுத்த அன்றே பகல் பன்னிரண்டு மணிக்கு என்னை அழைத்திருந்தாள். கீழுதட்டின் இடப்பாதி இன்னும் மரத்தே இருந்தது. “மாமா, ஃபல்லு எடுத்தாச்சு” என்றாள். பகரம் வரவில்லை. ‘இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்கிறது தொல்காப்பியம். இதழ்கள் இயைய மறுத்ததால் ‘மாமா’கூடப் பாதி காற்றாகத்தான் வந்தது. நாவிளிம்பு மேற்பல்லின் அடியைத் தொட்டுப் பிறக்கும் லகரம் மட்டும் தெளிவாகக் கேட்டது.